முள்ளு கீழ கிடக்கு

குறிஞ்சாக்கேணி றஊப் இரண்டு சொற்களை விட்டுவிட்டார். ஒன்று காத்து, மற்றது முள்ளு. வெக்கை தாங்காமல் ஃபேன் போடச் சொல்வதென்றால் "அதைத் தட்டிவிடு" என்பார். சைக்கிள் டயர் வற்றிக் கிடந்தால் "அடிக்க வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பம்பை எடுப்பார். சோறு தின்னும்போது மனைவி ஸஹ்ரா பழக்கதோஷத்தில் "முள்ளு, பாத்து" என்று மீன் துண்டைப் பீங்கானில் வைத்தாளோ, அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார். மனுசனுக்கு மண்டை பிசகிவிட்டது என்று ஊரில் நாலு பேர் சொல்கிறார்கள். ஒரு மண்ணும் பிசகவில்லை. அந்த இரண்டு சொற்களையும் பிழையாகக் கேட்டதில் அவருடைய தங்கையின் புருசன் உயிர் போய் மௌத்தாகிவிட்டான். அதற்குப் பிறகு எந்த வாயால் அவற்றைச் சொல்வது?

றஊப் சாதாரண டிரைவர் இல்லை. மண் லொறி, நெல் லொறி, கொழும்பு பஸ் என்று ஓடித் தேய்ந்த மனிதர். இருபத்தைந்து வயதில் எடுத்த ஹெவி லைசன்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கலியாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும். லைட் லைசன்ஸ் வைத்திருப்பவர்களை அவர் டிரைவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வான்காரர்களையும் ஓட்டோக்காரர்களையும் பார்த்து, நீங்கள் ஓட்டுவது வாகனம் இல்லை, தள்ளுவண்டி என்று பகிடி பண்ணுவார். தன் ஹெவி டெஸ்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும். சோதிக்க வந்தவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பிரேக்கை மிதி மிதியென்று மிதிக்க வைத்து, இப்போது முள்ளு எங்கே நிற்கிறது, இனி என்ன நடக்கும் என்று கேட்டாராம். றஊப் பிசகாமல் பதில் சொன்னாராம். இந்தக் கதையைக் கேட்காத ஆள் குறிஞ்சாக்கேணியில் இல்லை.

அந்த முள்ளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். சின்ன வாகனத்தின் பிரேக் எண்ணெயில் வேலை செய்யும். பெரிய பஸ்ஸும் லொறியும் காற்றில் நிற்கிறவை. எஞ்சின் ஓட ஓட ஒரு தாங்கியில் காற்று நிரம்பும். காலால் மிதித்தால் அந்தக் காற்றுப் போய் டயர் மாட்டியிருக்கும் சில்லைப் பிடிக்கும். டிரைவருக்கு முன்னால் ஒரு மீற்றர், அதில் ஒரு முள். முள் மேலே நின்றால் பிரேக் உண்டு, கீழே விழுந்தால் இல்லை. அதனால் ஹெவி ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் காத்து என்றால் அது பிரேக். வான் ஓட்டுகிறவனுக்குக் காத்து என்றால் டயர், முள்ளு என்றால் டயரில் குத்துகிற முள். ஒரே ஊர், ஒரே தமிழ், ஆனால் லைசன்ஸ் மாறினால் அர்த்தமும் மாறிவிடும்.

கொழும்பு ஓட்டம் உடம்புக்கு ஒத்துவராமல் போனபோதுதான் நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருக்கும் இரத்தினசிங்கம் அவரைக் கூப்பிட்டார். இரத்தினசிங்கம் ஏலத்தில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்து, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே கட்டில், சமைக்க ஒரு குசினி, அலுமாரி, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் வைத்து ஒரு வீடாக்கியிருந்தார். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் குடும்பங்கள் அதில் ஏறி ஊர் சுற்றும். கடற்கரையில் நிறுத்திச் சமைக்கும், படுக்கும். றஊப்புக்கு அந்த சீட் சொர்க்கம். அவசரம் இல்லை, நெரிசல் இல்லை, ரிக்கெட் கிழிக்கிற தொல்லை இல்லை. பொலிஸ்காரர்கள் மறித்தால்கூட லைசன்ஸைக் கேட்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். சாகும்வரை அந்த சீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று றஊப் ஸஹ்ராவிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வீட்டில் படுப்பவர்களுக்குப் பஸ்ஸின் குணம் பிடிப்பதில்லை. காற்றுக் குறைந்திருந்தால் கத்துவதற்கு அதில் ஒரு பஸர் இருந்தது. காலையில் எஞ்சினைப் போட்டதும், தாங்கி நிரம்பும்வரை அது ஒப்பாரி வைக்கும். பிள்ளைகள் திடுக்கிட்டு எழும்பி அழுகின்றன என்று விருந்தாளிகள் முறையிட, இரத்தினசிங்கம் அதை நிறுத்தச் சொன்னார். றஊப் வயரைப் பிடுங்கிவிட்டார். இன்னொன்று, காற்று முழுக்க இறங்கினால் பின் சில்லுகளை ஒரு ஸ்பிரிங் தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டி கண்டபடி ஓடாமல் நிற்பதற்கான ஏற்பாடு அது. நாள்கணக்காக ஹோட்டல் வளவில் நிற்கும் வண்டி அடிக்கடி இப்படி இறுகிக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. கராஜ்காரர் ஒருவர் வந்து அந்த ஸ்பிரிங்கையும் ஆணி போட்டுத் தளர்த்திவிட்டுப் போனார். நிறுத்தும்போது சில்லுக்குக் கட்டை வைத்தால் போதும் என்றார். றஊப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு என்ன பயம்? முள்ளைப் பார்க்கக் கண் இருந்தது, கசிவைக் கேட்கக் காது இருந்தது.

அந்தக் கண்தான் முதலில் கைவிட்டது. சீனி வருத்தக்காரர். ஹெவி லைசன்ஸைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு மருத்துவச் சோதனை உண்டு. சுவரில் இருந்த எழுத்துகளில் மேல் வரியை வாசித்தார், இரண்டாவது வரியில் தடுமாறினார். கண்ணில் புரை, ஒப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதற்குப் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் கண்ணை விட சீட்டை நினைத்துத்தான் அவர் கவலைப்பட்டார். ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்து, ஆறி, லைசன்ஸ் வருவதற்குள் வேறொருத்தன் வந்து குந்திவிட்டால்?

வரக்கூடிய ஆளும் இருந்தான். இராகுலன் என்று டவுனில் ஒருவன், டிப்போவில் பஸ் ஓடியவன், ஹெவி லைசன்ஸ்காரன், வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒருமுறை றஊப்பிடமே வந்து, நிலாவெளிப் பக்கம் ஏதும் இருந்தால் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தான். இரத்தினசிங்கம் ஆள் கேட்டபோது றஊப் அவன் பெயரை வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் சீட் போனது போனதுதான் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாகத் தங்கை பரீதாவின் புருசன் நஸ்ரியைக் காட்டினார். நஸ்ரி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டியவன். வானை விற்றுவிட்டுச் சும்மா இருந்தான். லைட் லைசன்ஸ். சொந்த மச்சான், கேட்டவுடன் சீட்டைத் திருப்பித் தந்துவிடுவான்.

ஹெவி லைசன்ஸ் இல்லையே என்று றஊப் இழுத்தபோது இரத்தினசிங்கம் சிரித்தார். "இதென்ன பஸ்ஸா? கட்டில் இருக்கு, குசினி இருக்கு, கக்கூஸ் இருக்கு. இது வீடு, றஊப். வீட்டை இழுக்க என்ன ஹெவி லைசன்ஸ்?"

அது வீடு இல்லை, பத்துத் தொன் பஸ் என்று றஊப்புக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊரிலே லைட் லைசன்ஸ்காரனைத் தள்ளுவண்டிக்காரன் என்று சொல்லித் திரிந்த மனிதர் அவர். அன்று அந்த வாய் திறக்கவில்லை. முதலாளியோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

நஸ்ரிக்கு விசயம் விளங்காமல் இல்லை. கொழும்பு பஸ்ஸில் இடம் பிடிக்க யன்னலால் கைத்துடைக்கிற லேஞ்சியைப் போடுவோமே, அந்த லேஞ்சிதான் நான் என்று பரீதாவிடம் சொல்லிச் சிரித்தான். கோபம் இல்லாத மனிதன். றஊப் சில நாள் பக்கத்தில் இருந்துகொண்டு அவனை ஓட்ட வைத்தார். முதல் நாள் காலையில், வண்டியை எடுத்து வெளிக்கிட முதல் காத்தைப் பார் என்று சொன்னார். நஸ்ரி பணிவாக இறங்கிப் போய் ஆறு டயரையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் கல்லு மாதிரி இருக்கு மச்சான் என்று வந்து நின்றான். றஊப்புக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மீற்றரைக் காட்டி, இதுதான்டா காத்து, இதுதான் முள்ளு என்றார். அன்று பின்னேரமே பாலத்தடியில் இருக்கும் றம்ஸானின் தேத்தண்ணிக் கடையில் போய் அந்தக் கதையை நடித்தே காட்டினார். கடை சிரிப்பில் வெடித்தது. அதற்குப் பிறகு நஸ்ரி அந்தப் பக்கம் வந்தால் யாராவது ஒருவர் மேசையின் காலை உதைத்து, காத்து சரியா நஸ்ரி என்பார்கள். நஸ்ரியும் சிரிப்பான். கடைக்கு வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒப்பரேஷனுக்கு முந்தைய கிளினிக் நாள் வந்தது. றஊப் ஆஸ்பத்திரி வாங்கில் மற்ற நோயாளிகளோடு வரிசையாகக் குந்தியிருந்தார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், எல்லாம் பால் மாதிரித் தெரிந்தது. நம்பர் கூப்பிடும் சத்தத்திலேயே அவர் காது முழுவதும் இருந்தது. தவறவிட்டால் இன்னொரு மாதம், இன்னொரு மாதம் என்றால் சீட் போய்விடும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

நஸ்ரி டவுனில் ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில் நின்றான். கனடாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே பாக்கியரத்தினம் என்ற உறவினர் வீட்டில் தங்கியிருந்தது. அவர்களை ஏற்ற வண்டியை மேலே வாசலடியில் சமமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு நின்றபோதுதான் அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது.

"மச்சான், காத்து இறங்குது. பின்னால சூ எண்டு கேக்குது. முள்ளு கீழ கிடக்கு."

றஊப்பின் மனதில் உடனே ஒரு படம் வந்தது. கீழே முள் ஒன்று கிடக்கிறது, பின் டயரில் காற்றுப் போகிறது, நஸ்ரி குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். போன கிழமைதான் அந்தப் பின் சில்லில் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள். பின்னால் எல்லாம் இரட்டைச் சில்லு, ஒன்று போனால் மற்றது தாங்கும். வான்காரன், இதற்குப்போய்ப் பதறுகிறான். உள்ளே நர்ஸ் ஏதோ நம்பரைக் கூப்பிட்டார்.

"அதுக்கேன் பதறுறாய்? கீழ கராஜ் கொஞ்சத் தூரந்தானே. மெல்லமா இறக்கிக் கொண்டு வா."

"இறக்கலாமா மச்சான்?"

"இறக்கு. ஒண்டுமாகாது. நம்பர் கூப்பிடுறாங்க, வைக்கிறன்."

நஸ்ரி போனைச் சட்டைப் பையில் போட்டதையும், விருந்தாளிகளின் பெட்டிகளை ஏற்ற வேண்டாம், கராஜுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னதையும் பாக்கியரத்தினம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். பிரச்சினை இல்லையா என்று அவர் கேட்டதற்கு, எங்கட மச்சான் சொல்லிட்டார் ஐயா, அவர் ஹெவிக்காரர் என்று நஸ்ரி சொன்னானாம். பிறகு குனிந்து கட்டையை எடுத்தானாம்.

இறக்கத்தில் பாதிவரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. பயந்தவன் மிதிக்கிற மாதிரி அவன் பிரேக்கை விட்டு விட்டு மிதித்திருக்கிறான். ஒவ்வொரு மிதிக்கும் இருந்த கொஞ்சக் காற்றும் போனது. பஸர் கத்தவில்லை. ஸ்பிரிங் பிடிக்கவில்லை. ஹோர்னை அமத்திப் பிடித்தபடி கீழே துறைமுகத்துப் பக்கம் வந்து, சைக்கிளில் போன ஆட்களை விலக்கி, ஒரு மதிலில் கொண்டுபோய் விட்டான். மதில் அவனைக் கொல்லவில்லை. முன்பக்கம் அவ்வளவாக நசுங்கவும் இல்லை. பின்னால் இருந்த வீடுதான் கழன்று வந்தது. அலுமாரி, பிரிட்ஜ், கட்டில் சட்டம் எல்லாம் ஒன்றாக வந்து அவன் முதுகில் விழுந்தன. வெறும் பஸ் என்றால் ஆள் தப்பியிருப்பான் என்று தூக்கியவர்கள் சொன்னார்கள்.

றஊப்பைக் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மச்சானின் முகத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மருந்து இன்னும் இறங்கியிருக்கவில்லை. கையைத் தடவிப் பார்த்துத்தான் அழுதார்.

பொலிஸில் கேட்டார்கள். லைட் லைசன்ஸ்காரனை யார் ஏற்றியது என்றதும் இரத்தினசிங்கம் விரலை றஊப் பக்கம் நீட்டினார். வழக்கு இன்னும் இழுபடுகிறது. போனில் என்ன கதைத்தது என்று கேட்டபோது றஊப் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். டயரில் காத்து இல்லை என்று நஸ்ரி சொன்னான், மெல்லமாக இறக்கு என்று நான் சொன்னேன், பிரேக் என்று சொல்லியிருந்தால் அசைய விட்டிருப்பேனா? அல்லாஹ்மேல் ஆணையாக அவர் அதை நம்பித்தான் சொன்னார். ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும் அதையே சொன்னார். பாவம், பிரேக் போனதை டயர் என்று நினைத்துவிட்டான் என்றார். ஊருக்கு அது உடனே விளங்கியது. டயரை உதைத்துக் காத்துப் பார்த்தவன்தானே. செத்தவன் மேல் அந்தப் பிழை அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது.

பரீதா இத்தாவில் இருந்தாள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கிற காலம் அது. பிற ஆண்கள் பார்க்க முடியாது, கூடப்பிறந்தவன் பார்க்கலாம். றஊப் அதற்கிடையில் ஒப்பரேஷனை முடித்திருந்தார். கண் இப்போது பளிச்சென்று தெரிந்தது. சோதனையில் கடைசி வரிவரை வாசித்தார், ஹெவி லைசன்ஸும் வந்துவிட்டது. அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தங்கையிடம் போனார். தங்கை மெலிந்துபோயிருந்ததை அன்றுதான் அவர் தெளிவாகப் பார்த்தார்.

அவள் சண்டைக்கு வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள், அறைக் கதிரையில் இருந்தாள். பிறகு நஸ்ரியைப் பற்றித் தானாகவே கதைக்கத் தொடங்கினாள். றம்ஸானின் கடையில் எல்லோரும் சிரித்த அன்று அவன் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லையாம். அடுத்த நாளிலிருந்து அவளை முன்னால் இருத்தி வைத்துப் பாடம் மாதிரிச் சொல்லிக்காட்டுவானாம். காத்து என்றால் பிரேக், முள்ளு என்றால் மீற்றரில் இருப்பது. டயரைப் பற்றிச் சொல்லும்போது காத்து என்ற சொல்லையே விட்டுவிட்டானாம். சைக்கிள் டயருக்குக்கூட வத்திப்போச்சு என்றுதான் சொல்வானாம். இனி ஒருத்தனும் என்னைப் பார்த்துச் சிரிக்க ஏலாது என்பானாம். இதைச் சொல்லும்போது பரீதா கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு அண்ணனை நேராகப் பார்த்தாள். "காக்கா, அண்டைக்கு அவர் போன்ல என்ன சொன்னவர்? நீங்க விளங்கினதை இல்லை. அவர் சொன்ன சொல்லை, அப்பிடியே சொல்லுங்க."

றஊப் வாயைத் திறந்தார். அந்தச் சொற்கள் அவருக்கு மறக்கவில்லை, ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "காத்து இறங்குது மச்சான்," என்றார். "பின்னால சூ எண்டு கேக்குது. முள்ளு கீழ..."

அதற்கு மேல் வரவில்லை. முப்பது வருசம் தான் சொல்லித் திரிந்த பாஷையை அவர் அப்போதுதான் கேட்டார். எந்த ஹெவிக்காரன் கேட்டிருந்தாலும் கட்டையில் கை வைக்காதே என்று கத்தியிருப்பான். இராகுலன் கேட்டிருந்தால் கத்தியிருப்பான். அவர் மட்டும் மச்சான் டயரை உதைத்த பகிடிக் கதையைக் காதுக்குள் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"அப்ப அவர் சரியாத்தானே சொல்லியிருக்கிறார், காக்கா," என்றாள் பரீதா.

"ஓம்," என்று ஒத்துக்கொண்டார் றஊப்.

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். அவர் வெகுநேரம் இருந்து பார்த்தார், அவள் திரும்பி வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை அவரே எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

நேராக றம்ஸானின் கடைக்குத்தான் போனார். வெள்ளிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். நின்றபடியே சொன்னார். நஸ்ரி சரியாகத்தான் சொன்னான், ஹெவிக்காரன் சொல்கிற மாதிரியே சொன்னான், பிழையாகக் கேட்டது நான், அவனைக் கொன்றது நான். பொலிஸிலும் போய் இதைச் சொல்லப் போகிறேன் என்றார். றம்ஸான் வந்து அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்தான்.

"விடுங்க நானா," என்றான், மூத்த காக்காவிடம் சொல்வது மாதிரி. "மௌத்தான மச்சான்ட பேரைக் காப்பாத்தப் பாக்கிறீங்க, உங்கட மனசு அப்பிடி. எங்களுக்குத் தெரியாதா? டயரை உதைச்சுக் காத்துப் பாத்த மனுசன் அவன், பாவம்."

பின் மேசையில் இருந்த இரண்டு பேர் அதைக் கேட்டு மெல்லச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, மௌத்தானவனை நினைத்து அன்போடு சிரிக்கிற சிரிப்புத்தான். றஊப் எழும்பி, இல்லை, அப்படியில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். யாரும் அதைக் காதில் எடுக்கவில்லை. அந்தப் பகிடியை அவ்வளவு நன்றாக நடித்துக் காட்டி, அந்தக் கடையில் விட்டுவிட்டுப் போனவர் அவர்தானே.